பனி மலைக்கு ஆள் சேக்குத நம்ம ஊரு குழு அட்மின்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர்னு நம்ம பக்கத்துல இருந்து டிசம்பர் பொறந்தா இமயமலைக்கு பனி ட்ரெக் கூட்டிட்டு போற குழு இப்ப நெறைய வந்துட்டு. எல்லாருக்கும் சேத்துதான் எழுதுதேன், யாரையும் பேர் சொல்லி இழுக்கப் போறதில்ல, அதனால "எங்களத்தான் சொல்லுதாரு"ன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவன், அம்பாசமுத்திரம் பக்கம் ஊரு. சர்வீஸ்ல காஷ்மீர் மேட்டுல குளிர்காலம் கழிச்சிருக்கேன், பனிச்சரிவப் பத்தி பாடமாவும் படிச்சேன், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மலை முகமே உரிஞ்சு விழுததையும் கண்ணால பாத்தேன். அதனால இதுல ரெண்டு வார்த்த பேச எனக்கு கொஞ்சம் உரிமை உண்டுன்னு நெனைக்கேன்.

எங்க அக்கா மவன் ஒரு போஸ்டர் அனுப்பினான், மாமா நான் போலாமான்னு கேட்டு. நல்ல போஸ்டர்தான், நீல வானம், வெள்ள மலை, நடுவுல ஒரு பையன் கைய விரிச்சிட்டு நிக்கான். மேல "பனிப்புயல் வந்தாலும் சம்மிட் உறுதி"ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு, சம்மிட்னா மலை உச்சி, கீழ கடுகு சைஸ்ல "எந்தக் காரணத்துக்கும் ரீஃபண்ட் கிடையாது"ன்னு இருக்கு. மேல உள்ள வரி வெறும் வாய்ச்சவடால், அதப் படிச்சு சிரிச்சிட்டு விட்டுருவேன். கீழ உள்ள அந்த சின்ன வரிதான் ஆள கொல்லும், அதச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நம்ம ஊருல குத்தாலம் இருக்குல்லா. மேல மழை பேஞ்சு தண்ணி செம்மண் கலர்ல வர ஆரம்பிச்சா போலீஸ் விசிலடிச்சு எல்லாரையும் வெளியேத்திருவாங்க, மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குத்தாலம் எல்லாம் குளிக்க தடை. யாரும் போய் "நான் மதுரைல இருந்து வண்டி புடிச்சு வந்திருக்கேன், குளிச்சிட்டுத்தான் போவேன்"னு வாதாட முடியாது. அப்படி இருந்தும் 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் போயிட்டான், ஊரே பாத்துச்சு. கயிறு கட்டி ஆள் போட்டு காவல் காக்குத இடத்துலயே இப்படி. இமயமலைல அந்த விசில் அடிக்க ஆள் கிடையாது. சில ரோட்ட மூடுவாங்க, சில பர்மிட்ட நிறுத்துவாங்க, அவ்வளவுதான். மத்தபடி அந்த விசில் உங்க கைலதான் இருக்கு, அதாவது பணம் வாங்கின ஆள் கைல. பணம் திருப்பித் தர மாட்டேன்னு எழுதி வச்சவன் எப்படி விசில் அடிப்பான்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப பனிப்புயல் என்ன செய்யுதுன்னு பாப்போம், ஏன்னா பேட்ச்ல வார பையன்கள்ல முக்காவாசி பேருக்கு "பனி கொட்டும், குளிரும், ஜாலியா இருக்கும்"ங்கிறதுக்கு மேல எதுவும் தெரியாது, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, நம்ம வெயில் ஊருல பொறந்தவனுக்கு எப்படி தெரியும். மலைல பனி ஒரே கட்டியா கெடக்கிறதில்ல. ஒவ்வொரு தடவ கொட்டும்போதும் ஒரு அடுக்கு. சில அடுக்கு இறுகி கெட்டியா ஆவும். சில அடுக்கு, குறிப்பா நல்ல குளிர்ல மெல்லிசா கெடந்த பனி, சீனி மாதிரி உதிரி உதிரியா ஆயிரும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அந்த உதிரி அடுக்கு மேல புதுப் புயல் வந்து ஒரு கனத்த தட்ட ஏத்தி வச்சிட்டு போவும். களத்துல காயப்போட்ட உளுந்து மேல ஒரு பலகையப் போட்டு அதுல ஏறி நின்னா என்ன ஆவும்? அதுவும் களம் சமதரையா இல்லாம சரிவா இருந்தா? அதேதான். அந்தப் பலகைய இழுத்து விடுதது பெரும்பாலும் மலை இல்ல, அது மேல நடந்து போற ஆளுதான். பனிச்சரிவுல மாட்டினவங்க கணக்கப் பாத்தா பத்துல ஒம்போது பங்கு தானோ தன் கூட வந்தவனோ மிதிச்சு கிளப்பின சரிவாத்தான் இருக்குன்னு இந்தத் துறை ஆளுங்க ரொம்ப நாளா சொல்லுதாங்க. சத்தம் போட்டா பனி சரியும்னு சினிமால காட்டுததெல்லாம் சும்மா. ஒரு ஆளோட எடை போதும்.

எல்லாச் சரிவும் விழுந்துராது. 30 டிகிரில இருந்து 45 டிகிரி வரைக்கும் உள்ள சரிவுதான் பெரும்பாலும் உரியும், அதுலயும் 38 டிகிரி சுத்துவட்டாரம் ரொம்ப மோசம். ரொம்ப செங்குத்தா இருந்தா பனி தங்காது, அப்பப்ப உதிந்துரும், சரிவு ரொம்ப கம்மியா இருந்தா நகராது. இத அளக்க இப்ப போன்லயே ஆப் இருக்கு, ரீல்ஸ் எடுக்குத அதே போன்தான். ஆனா நிக்கிற எடம் சமதரைன்னு மட்டும் நம்பிராதீங்க, தலைக்கு மேல என்ன சரிவு தொங்குதுன்னு பாக்கணும், மேல உரிஞ்சது கீழ வந்துதான நிக்கும். டென்ட் போடும்போது இத எத்தன கைடு நிமிந்து பாக்கான்னு கவனிங்க. காட்டுக்குள்ள போற பாதைல மரம் அடர்த்தியா இருந்தா கொஞ்சம் நிம்மதி, ஆனா நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் மரமே இல்லாம கோடு போட்ட மாதிரி ஒரு பட்ட இருந்து, ஓரத்து மரத்துல மேல் பக்கத்துக் கிளை எல்லாம் ஒடிஞ்சு கெடந்தா, அது பனி வழக்கமா எறங்குத தடம். அங்க உக்காந்து சப்பாத்தி சாப்பிடக் கூடாது.

அப்புறம் காத்து. பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்தாலை பாத்து வளந்த நமக்கு காத்தோட பலத்த யாரும் சொல்லித் தர வேண்டாம். மேல காத்து அடிக்கும்போது மலைக்கு ஒரு பக்கத்துல உள்ள பனிய அள்ளி மறுபக்கத்துல கொண்டு போய் குமிக்கும். வானத்துல இருந்து விழுதத விட பல மடங்கு வேகமா அந்தப் பக்கம் ஏறும். அதனால "மூணு மணி நேரமா பனியே கொட்டல அண்ணாச்சி"ன்னு சொல்லுதது ஒரு பதிலே இல்ல, காத்து நின்னுச்சாங்கிறதுதான் கேள்வி.

எவ்வளவு பனின்னா ஆபத்து? ஒரு நாள்ல 30 சென்டிமீட்டர் புதுசா விழுந்தாலே ஒழுங்கான கைடு யோசிக்க ஆரம்பிச்சிருவான். 2023 டிசம்பர் 17, 18 நம்ம யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் மாட்டிக்கிட்டு. தோராயமா ஒரு சென்டிமீட்டர் மழை தண்ணி மேல போனா பத்து சென்டிமீட்டர் பனி. அப்ப 30 சென்டிமீட்டர் பனிங்கிறது நம்ம ஊரு கணக்குல வெறும் மூணு சென்டிமீட்டர் மழை, நாம குடை கூட எடுக்க மாட்டோம். அந்த அளவே மலைல ஆள மூட போதும்.

இன்னும் ஒண்ணு, இதுதான் உங்களுக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது. புயல் அடிக்கும்போது எவனும் வெளிய போக மாட்டான், டென்ட்டுக்குள்ள சுருண்டு கெடப்பான். புயல் முடிஞ்ச மறுநாள் காலைல வானம் பளிச்னு நீலமா இருக்கும், மலை புதுசா வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும், எல்லாருக்கும் கால் அரிக்கும். அந்த நாள்தான் இருக்கதுலயே மோசமான நாள். பனி விழும்போதும் அது நின்னு முதல் 24 மணி நேரத்துலயும்தான் நெறைய சரிவு விழுது, 48 மணி நேரம் பொறுத்தா நல்லது, உள்ள அந்த உதிரி அடுக்கு இருந்துச்சுன்னா அதுக்கு மேலயும் நாள் கணக்கா ஆபத்து கெடக்கும். ராணுவத்துல புயல் விட்டதும் ஆள உடனே அனுப்ப மாட்டாங்க. உக்காரணும். காவல் போஸ்ட்டுல மண்ணெண்ணெய் தீந்தாலும் உக்காரணும். வெயில் சரிவு மேல ஏறுததுக்கு முன்னாடி விடியக்காலைல நகருவோம், ஒருத்தன் தாண்டின பெறவுதான் அடுத்தவன் காலெடுத்து வைப்பான், மத்தவன் எல்லாம் அவன் மேலயே கண்ணு வச்சிருப்பான்.

உங்க பேக்கேஜ்ல உக்காருததுக்கு நாள் எங்க இருக்கு? அதக் கேக்கத்தான் வந்தேன். டேராடூன்ல இருந்து டேராடூனுக்கு ஆறு நாள், அதுல ரெண்டு நாள் ரோடு, மிச்சத்துல ஏறி எறங்கணும். ஒரு நாள் கூட சும்மா கிடையாது. நம்ம பையன் நெல்லைல திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினா டெல்லி போய்ச் சேரவே ரெண்டு நாள் ஓடிருது, அங்கேந்து டேராடூன், அப்புறம் மலைக்கு மேல ஒரு நாள் ரோடு. போறதுக்கும் வாரதுக்குமே ஒரு வாரம். லீவு கெடைக்காத கம்பெனில கெஞ்சி லீவு போட்டிருப்பான், சிலபேர் நகை அடகு வச்சு கட்டுனதும் எனக்குத் தெரியும், ஊருல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, ஸ்டேட்டஸ் வச்சாச்சு. இந்த நெலமைல ஒருத்தன் மேல போய் பேஸ் கேம்ப்ல நிக்கான், முந்தின நாள் ரெண்டு அடி பனி, இப்ப வானம் நீலம், ரெண்டு மூணு நாள்ல ரிட்டர்ன் ட்ரெயின், போகலன்னா கட்டின காசு போச்சு. அவன்கிட்ட போய் "தம்பி, போவமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணு"ன்னு கேட்டா என்ன சொல்லுவான்? முடிவ நீங்க போஸ்டர் அடிக்கும்போதே எடுத்தாச்சு, கடுகு சைஸ் எழுத்துல.

சிலபேர் சொல்லுவிய, கெளம்புததுக்கு முன்னாடி வெதர் பாத்துட்டுத்தான் போறோம்னு. நல்லதுதான். குளிர்காலத்துல அங்க பனி கொண்டு வாரது மேற்கத்திய இடையூறுன்னு சொல்லுதாங்களே அதுதான், மத்தியதரைக்கடல் பக்கம் கெளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும். வானிலைத் துறைக்காரங்க மூணு நாலு நாளைக்கு முன்னாடி ஓரளவு நல்லாவே சொல்லிருதாங்க. ஆனா நீங்க நெல்லைல ட்ரெயின் ஏறுத அன்னைக்கு, அஞ்சு ஆறு நாள் கழிச்சு சம்மிட் ஏறப் போற காலைல என்ன நெலமைன்னு ஒருத்தனும் அடிச்சு சொல்ல முடியாது. அதனாலதான் முடிவ மலைல எடுத்தாவணும், மலைல எடுக்குத முடிவுல காசு குறுக்க வராம இருக்க ஏற்பாட இங்க ஊருலயே பண்ணியாவணும். ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும்.

நம்ம கடல்ல கெளம்புத புயலே அங்க பனியா போய் விழுந்த கதை ஒண்ணு இருக்கு. 2014 அக்டோபர் 12, ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்துல கரை ஏறிச்சு, டிவில எல்லாரும் பாத்தோம். அதோட மிச்சம் வடக்க ஏறி, ரெண்டு நாள் கழிச்சு நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் பனியா கொட்டுச்சு. அது அங்க நல்ல ட்ரெக் சீசன், தொரோங் லா கணவாய் 5,416 மீட்டர் உயரம், தாண்டிட்டு இருந்தவங்க நடுவழில மாட்டிக்கிட்டாங்க, சரிவுல கொஞ்சம் பேர், குளிர்ல வழி தப்பி கொஞ்சம் பேர்னு மொத்தம் 43 பேர் செத்தாங்க. வெளிநாட்டுக்காரங்க மட்டும் இல்ல, கைடு, சுமை தூக்குதவங்க, உள்ளூர்க்காரங்களும் அதுல உண்டு. புயல் வருதுன்னு உலகத்துக்கே தெரியும், மலை மேல நடந்துட்டு இருந்தவங்களுக்குத்தான் போய்ச் சேரல.

சிக்கிம்ல 2023 ஏப்ரல் 4, நாதுலா கணவாய்க்கு போற ரோட்டுல. பர்மிட் 13-வது மைல் வரைக்கும்தான், டூரிஸ்ட்டுங்க 15-வது மைல் வரைக்கும் போய் பனில விளையாடிட்டு இருந்தப்ப சரிவு வந்து 7 பேர் போயிட்டாங்க. ட்ரெக் கூட இல்ல, வண்டில போய் ரோட்டோரம் எறங்கினவங்க. ரெண்டு மைல் தள்ளிப் போனதுக்கு காரணம் என்னவா இருக்கும், அங்க பனி நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

"எங்க கைடுக்கு எல்லாம் தெரியும்"னு சொல்லுதவங்களுக்கு 2022 அக்டோபர் 4. உத்தரகாசில இருக்க நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்து ஆளுங்க, திரௌபதி கா தண்டா மலைல உச்சிய நெருங்கிட்டு இருந்தப்ப சரிவு. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேத்து 29 பேர். அதுல பயிற்சியாளரா போன சவிதா கன்ஸ்வால் அந்த வருஷம் மே மாசம்தான் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிட்டு வந்த பொண்ணு. இத எழுதும்போது எனக்கே கை நிக்கி. அனுபவம் இருந்தா பனிக்கு தெரியாது, அது யாரு மிதிச்சாலும் ஒண்ணுதான்.

2025 பிப்ரவரி 28, பத்ரிநாத் தாண்டி மாணா கிராமத்துக்கிட்ட எல்லைச் சாலை அமைப்போட கேம்ப் மேல விழுந்துச்சு. 54 தொழிலாளிங்க, 46 பேர மீட்டாங்க, 8 பேர் போயிட்டாங்க. இரும்புக் கன்டெய்னருக்குள்ள தங்கியிருந்ததாலதான் நெறைய பேர் பொழைச்சாங்க. முந்தின நாள் சாயங்காலமே அந்த ஜில்லாவுக்கு பனிச்சரிவு எச்சரிக்கை வந்திருந்துச்சு. அவங்க வேலைக்குப் போனவங்க, கூலிக்காரங்க, "நான் வரல"ன்னு சொல்ல முடியாத எடத்துல இருந்தாங்க. நாம காசு கட்டி விளையாடப் போறோம், நமக்கு சொல்ல முடியும்லா.

அந்த எச்சரிக்கைய யாரு குடுக்காங்கன்னு உங்க குழுவுல கேட்டா பத்துல ஒருத்தருக்கு தெரிஞ்சா ஆச்சரியம். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு கீழ சண்டிகர்ல இருக்க டிஜிஆர்இங்கிற பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம், முன்னாடி சாசேன்னு சொல்லுவோம், அவங்கதான் காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்ட்டுக்கு ஜில்லா வாரியா எத்தன மீட்டருக்கு மேல எவ்வளவு ஆபத்துன்னு போடுதாங்க. ஆபத்து அளவு உலக வழக்கப்படி ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். அஞ்சுன்னா எவனும் போக மாட்டான். நாலுன்னாலும் பயப்படுவான். மூணுன்னு போட்ட அன்னைக்குத்தான் "நடுவுலதான இருக்கு"ன்னு கெளம்புதான், ஐரோப்பாவுல அதிகமா ஆள் சாகுதது அந்த மூணாம் நம்பர் நாள்லதான். இத வெதர் ஆப்ல உள்ள பனித்துளி படத்தோட சேத்து குழப்பிக்காதீங்க, அது எவ்வளவு கொட்டும்னு சொல்லும், எது உரியும்னு சொல்லாது.

மீட்புப் பத்தியும் ஒரு வார்த்த. போஸ்டர்ல "ஆக்சிஜன் சிலிண்டர், மெடிக்கல் கிட் உண்டு"ன்னு போடுதிய. பனில புதைஞ்ச ஆளுக்கு அது எதுக்கு? முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பத்துல ஒம்போது பேர் பொழைக்க வாய்ப்பு இருக்கு. அரை மணி தாண்டினா மூணுல ஒருத்தர்தான். மூச்சு முட்டித்தான் முக்காவாசி பேர் போறாங்க. ஓடும்போது மாவு மாதிரி இருந்த பனி நின்ன உடனே சிமென்ட் கணக்கா இறுகிரும், வெரல கூட அசைக்க முடியாது, எது மேல எது கீழன்னே தெரியாது. கீழ இருந்து போலீஸும் பேரிடர் மீட்புப் படையும் வந்து சேர மணிக்கணக்கு ஆவும், ஹெலிகாப்டர் வானம் தெளிஞ்சாத்தான். அப்ப காப்பாத்தப் போறது பக்கத்துல நிக்கிற கூட வந்தவன் மட்டும்தான். அவன்கிட்ட என்ன இருக்கு? செல்ஃபி ஸ்டிக்.

இருக்க வேண்டியது மூணு சாமான், ஒண்ணு இல்லாம இன்னொண்ணு வேஸ்ட். ட்ரான்ஸீவர், ஒடம்போட கட்டிக்கிறது, எல்லாரோடதும் உலகம் பூரா ஒரே 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், புதைஞ்சவன எங்க கெடக்கான்னு காட்டும். ப்ரோப், மடிச்சு வச்சு நீட்டுத கம்பி, எவ்வளவு ஆழத்துல இருக்கான்னு குத்திப் பாக்க. மூணாவது ஷவல், அலுமினியத்துல உள்ளது, பிளாஸ்டிக் அந்த இறுகின பனில ஒடஞ்சிரும். வெலை ஜாஸ்திதான், ஒத்துக்கிடுதேன், தலைக்கு ஒண்ணு வாங்க முடியாதுதான். அப்படின்னா அந்த மாதிரி சரிவுக்குக் கீழ கூட்டிட்டு போகாதிய, கணக்கு சரியாப் போச்சு. சாட்டிலைட் போன் வச்சுக்கிடலாம்னு ஒரு தம்பி சொன்னான், நம்ம நாட்டுல பர்மிஷன் இல்லாம அத வச்சிருந்தா கேஸ் ஆயிரும், அந்த வம்பு வேற.

2016 பிப்ரவரி 3 சியாச்சின்ல நம்ம மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன்க பத்து பேர் மேல மலை விழுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுல தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவ ஆறு நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்க. அதக் காட்டி "ஆறு நாள் கூட தாங்கலாம் அண்ணாச்சி"ன்னு ஒருத்தன் என்கிட்டயே சொன்னான், எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அவரும் 11-ம் தேதி டெல்லி ஆஸ்பத்திரில போய்ச் சேந்துட்டாரு. அவர் எதுக்கு அங்க இருந்தாருங்கிறது வேற, நீங்க எதுக்குப் போறீங்கங்கிறது வேற. அந்தப் பேர ரீல்ஸுக்கு பேக்ரவுண்டா போடுததயாவது தயவுசெஞ்சு நிறுத்துங்க.

"எங்க ரூட்டு ஈசி ரூட்டு, அங்க பனிச்சரிவே வராது"ன்னு சொல்லுவிய, தெரியும். எல்லா குளிர்கால ட்ரெக்கும் ஒரே மாதிரி ஆபத்து கிடையாது, நானும் அப்படிச் சொல்ல வரல. காட்டு வழியா சரிவு கம்மியான முகடு புடிச்சுப் போற நல்ல ரூட்டுகள் உண்டு, அதுல புதுசா போறவன கூட்டிட்டு போறது தப்பே இல்ல, சந்தோஷமா போங்க, நம்ம பிள்ளைங்க பனியப் பாக்கட்டும், குத்தால சாரலோட உலகம் முடிஞ்சிராதுல்லா. ஆனா அந்த ரூட்டுலயும் புயல் நேரத்துல எந்த ரெண்டு மூணு எடம் மோசம்னு உள்ளூர்க் கைடுக்கு நல்லாத் தெரியும். அவன்கிட்ட கேளுங்க, கேட்டு எழுதி வாங்குங்க. அவனுக்கு தெனம் எவ்வளவு குடுக்கிய, சம்மிட் அடிச்சாத்தான் போனஸ்னு வச்சிருக்கியளான்னும் உங்களையே கேட்டுப் பாருங்க. சம்மிட்டுக்கு போனஸ் வச்சா அவனும் நம்ம பையன் நெலமைக்குத்தான் வருவான்.

அதனால நான் கேக்குதது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த சின்ன எழுத்து வரிய எடுத்துட்டு, "பனி நெலமை சரியில்லன்னு கைடு நிறுத்தினா மிச்சக் காச திருப்பித் தருவோம், இல்லன்னா அடுத்த சீசன்ல அதே காசுல கூட்டிட்டு போவோம்"னு பெரிய எழுத்துல போடுங்க. நஷ்டம் வரும்னு தெரியும், சுமை தூக்குத கோவேறு கழுதைக்கும் வண்டிக்கும் டென்ட்டுக்கும் நீங்க முன்பணம் குடுத்திருப்பிய, அந்தச் செலவ முன்னாடியே ஒடச்சு சொல்லி தலைக்கு ஐநூறோ ஆயிரமோ கூட வச்சு வாங்கிக்கிடுங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான், கேக்குதவன் உங்க குழுவுக்கு வேண்டாம். ப்ளான்ல ரெண்டு நாள் சும்மா உக்காருததுக்கு வைங்க, ரிட்டர்ன் டிக்கெட்ட அதுக்குத் தக்கன போடுங்க. நிறுத்துத அதிகாரம் கைடுகிட்ட மட்டும் இருக்கட்டும், ஓட்டெடுப்பு வேண்டாம், பெரும்பான்மைய பனி பாக்காது. குழுவுல யாராவது ஒருத்தன் "எனக்கு பயமா இருக்கு"ன்னா அவன கேலி பண்ணாம அவனோட ஒருத்தன அனுப்பி கீழ எறக்குங்க. நடக்கும்போது காலுக்குக் கீழ "வூம்ப்"னு ஒரு அமுங்கின சத்தம் கேட்டாலோ, மிதிச்ச எடத்துல இருந்து பனில விரிசல் ஓடினாலோ, பக்கத்துல புதுசா சரிஞ்ச தடம் கண்டாலோ, அது மலையே விசில் அடிக்கிறது, அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியதில்ல, வந்த வழியே திரும்பணும். இத பேச்சளவுல இல்லாம ட்ரெயின் ஏறுததுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு சாயங்காலம் உக்கார வச்சு சொல்லுங்க.

2018 மார்ச்ல குரங்கணில தீ புடிச்சு 23 பேர் போனதுக்குப் பெறவுதான் நம்ம மாநிலத்துல ட்ரெக்கிங்க்கு ஒழுங்கான விதி வந்துச்சு, இப்ப வனத்துறையே ரூட்டு போட்டு ஆன்லைன்ல டிக்கெட் குடுத்து, தீ சீசன் வந்தா மூடிருது. அந்த விதி எதுவும் உத்தராகண்ட்ல உங்கள புடிக்காது, அங்க உள்ள விதி நெல்லைல போஸ்டர் அடிக்கிறவன புடிக்காது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள சந்துல உங்க பிசினஸ் நடக்கு. கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு எங்க தெருவுல ஒருத்தர் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னேன், முதல்ல பிள்ளைங்ககிட்ட பேசிப் பாப்போம்னு. நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டு மிச்ச நேரத்துல ஆசைல இத நடத்துதவங்க, காசு புடுங்குத கூட்டம் இல்லன்னு தெரியும், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

ட்ரான்ஸீவர் என்கிட்ட கிடையாது, ஆனா ப்ரோப் புடிக்கிறதும், வரிசையா நின்னு குத்தித் தேடுததும், சரிவுக்கு கீழ் பக்கம் நின்னு எப்படித் தோண்டணுங்கிறதும் நம்ம ஆத்து மணல்லயே பழகலாம். ஒரு சாக்குப்பைல துணிய அடைச்சு மணல்ல புதைச்சு வச்சிட்டு பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுக்கணும், எத்தன பேருக்கு முடியுதுன்னு பாப்போம். சனி ஞாயிறு சாயங்காலம் எனக்கு வேலை கிடையாது, பத்து பேர் சேந்தா போதும், அம்பைக்கு வாங்க, இல்ல நான் பாளையங்கோட்டைக்கு வாரேன், காசு எதுவும் வேண்டாம். கம்பி நான் கொண்டு வாரேன், மம்பட்டியும் குடிக்க தண்ணியும் நீங்க கொண்டு வாங்க.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு பழைய பட்டாளத்தான்